பெருங்களத்தூருக்கு அந்தப் பக்கம்

என் கணவருக்கு ஊர் சுற்றுவதைவிட ஊர் சுற்றத் திட்டம் போடுவதுதான் பிடிக்கும். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் நாங்கள் போய்வந்த ஊர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போகாமல் திட்டம் மட்டும் போட்ட ஊர்களுக்கு மேற்குத் தாம்பரத்தில் இருக்கிற எங்கள் ஃபிளாட்டின் பரண் போதாது. ஊட்டிக்கு ஒரு நோட்டு, குற்றாலத்துக்கு ஒரு நோட்டு, ஹம்பிக்கு மட்டும் இரண்டு நோட்டு. பழைய பேப்பர்காரர் எடைக்குக் கேட்டபோது இவர் முகம் செத்துப்போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், புரட்டாசி பிறந்த கையோடு புது நோட்டு ஒன்றுடன் வந்து உட்கார்ந்தார். "ஆயுத பூஜை லீவுக்கு நாம கார்லயே போறோம். ஹைவேல விர்ருனு போயிட்டு வர்றது இல்ல. உள்ரோடு. சின்னச் சின்ன ஊரு" என்றார்.

உத்திரமேரூர், வந்தவாசி, தேசூர், செஞ்சி. அதற்குள் இரண்டு மழை பெய்திருக்கும், ஏரிகளில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும், ஐப்பசி அடைமழை ஆரம்பித்திருக்காது. வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். வந்தவாசியில் பாய் வாங்கலாம். செஞ்சியில் ஒரு நாள் தங்கிக் கோட்டை ஏறலாம். திண்டிவனம் வழியாகத் திரும்பிவிடலாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கே ஆசை வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்கு ரசனை உண்டு.

"சரி, யார் ஓட்டுறது?" என்று கேட்டேன்.

"நான்தான். வேற யாரு?"

பார்த்தீர்களா? அந்த 'வேற யாரு'தான் என்னைச் சுட்டது. வேறு யார் என்றால், நான்! நாற்பத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, என்னிடம் கணக்குப் படித்த பையனே எனக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுக்க, வெட்கத்தை விட்டுக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியவள். நாலு வருஷமாகப் பள்ளிக்கூடத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். புரட்டாசி சனிக்கிழமைகளில் திருநீர்மலைக் கூட்டத்தில் வண்டியை நுழைத்து நிறுத்தியிருக்கிறேன். பிரதோஷத்துக்கு மாடம்பாக்கம் கோவில் சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்திருக்கிறேன். ஒரு கீறல் கிடையாது. கீறல் இருந்தாலும் அது என்னால் விழுந்தது கிடையாது.

ஆனால் தெற்கே எனக்கு எல்லை பெருங்களத்தூர். அங்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் வெளியூர் பஸ்கள் உறுமிக்கொண்டு நிற்கிற இடம் வந்ததும், "ஓரங்கட்டு" என்பார். இறங்கி மாறி உட்காருவோம். "ஊருக்குள்ள ஓட்டுறது வேற, ஹைவே வேற" என்பார். அவர் பார்ப்பது இன்சூரன்ஸ் ஆபீஸில் விபத்து கிளெய்ம் வேலை. நாள் முழுக்க நசுங்கிய பம்பர் போட்டோக்களையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு, மனைவி ஸ்டீயரிங்கைப் பிடித்தால் என்னென்ன தோன்றும் என்று எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தாலும் வலிக்காமல் இருக்குமா? கூட வேலை பார்க்கிற டீச்சரம்மாக்கள், "எங்க வரைக்கும் ஓட்டுவீங்க?" என்று கேட்டால், "பெருங்களத்தூர் வரைக்கும்" என்று சொல்லி அசடு வழிந்துகொண்டிருந்தேன். இந்த டிரிப்பில் அந்த எல்லையைத் தாண்டி நான் ஓட்டியே ஆக வேண்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் பொறுப்புகள் என்று தலைப்பு. ஓட்டுநர்: நான். வழி: நான். வண்டி: நான். பாட்டு: மகள். நொறுக்குத்தீனி: மனைவி.

"நொறுக்குத்தீனியா? நானா?" என்றேன்.

"முக்கியமான டிபார்ட்மென்ட் அது" என்றார், முகத்தில் கொஞ்சம்கூடச் சிரிப்பில்லாமல்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள், "அப்பா, அம்மாவும் பாதி தூரம் ஓட்டட்டும்ப்பா" என்று எனக்காக வாயைத் திறந்தாள். "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

அடுத்த மூன்று வாரம் அந்த நோட்டு பெருத்துக்கொண்டே போனது. எந்த ஊரில் சுத்தமான கழிவறை, எந்த ஏரிக்கரையில் நிழல், எந்த வளைவில் மாடு குறுக்கே வரும் என்பதுவரை எழுதினார். மாடு வரும் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அனுபவம்" என்றார். செஞ்சிப் பக்கம் இவர் போனதே கிடையாது. புரட்டாசி என்பதால் அசைவம் கிடையாது, ஆகையால் செஞ்சியில் எந்த மெஸ்ஸில் என்ன சாப்பிடக்கூடாது என்று ஒரு தனிப்பக்கம். அதை எழுதும்போது மட்டும் கையெழுத்து கொஞ்சம் சோகமாக இருந்தது.

அதோடு நின்றாரா? கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார்.

"எதுக்கு ஒத்திகை?"

"சீட்ல ரெண்டு மணி நேரம் உக்காந்தா யாருக்கு எங்க வலிக்குதுன்னு தெரிய வேண்டாமா? டிபனை எந்தப் பக்கத்துலேர்ந்து எடுக்கிறது, தண்ணி பாட்டில் யார் கையில, எல்லாம் முன்னாடியே தெரிஞ்சுக்கணும்."

ஆகவே, பார்க்கிங்கில், தூணுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் நிற்கிற காரில், மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தோம். நான் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒத்திகைக்கும் நிஜப் புளியோதரைதான் வேண்டுமாம். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இப்ப செங்கல்பட்டு தாண்டியாச்சு" என்றார். எங்களுக்கு நேர் எதிரே மூன்றாம் மாடிக்காரர்களின் துவைத்த போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. மகள் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். உத்திரமேரூரில் புளியோதரை பரிமாறினேன். வந்தவாசிக்கு முன்னால் எனக்குக் கால் மரத்துப்போனது. அதையும் குறித்துக்கொண்டார்.

வாட்ச்மேன் அண்ணன் தூரத்திலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "இன்னா சார், ரொம்ப நேரமா குந்தினுகீறீங்க? வண்டி ஸ்டார்ட் ஆவலியா? தள்ளி வுடட்டா?"

"இல்லப்பா, சும்மாதான் உக்காந்திருக்கோம்."

"சும்மாவா?" அவர் என் மடியில் இருந்த புளியோதரை டப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வூட்ல எதனா பிரச்சினையா மேடம்?"

எனக்கு மானம் போயிற்று. அன்று சாயங்காலமே முதல் மாடிக்காரர் வந்து, வீட்டில் தண்ணீர் வரவில்லையா, ஏ.சி. ரிப்பேரா என்று அன்பாக விசாரித்துவிட்டுப் போனார்.

ஆயுத பூஜையும் வந்தது. இவருடைய திட்டத்தின் உச்சகட்டமே கிளம்புகிற நேரம்தான். லீவு விட்டால் ஜனம் முந்தின நாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு பெருங்களத்தூரில் முட்டி மோதும். பூஜை அன்றைக்கு எல்லோரும் வீட்டில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே காலையில் பூஜையை முடித்துப் பதினொன்றரைக்குக் கிளம்பினால் ரோடே காலியாக இருக்கும். நோட்டில் இதைச் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜையும் அன்றைக்குத்தான். புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணி விரித்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் வைப்போம். வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். இந்த வருஷம் மட்டும், ஊரிலிருந்து திரும்பியதும் மறுபூஜை என்று முடிவு. அதுவரை தொடக்கூடாது, படிக்கக்கூடாது. இந்த விஷயத்தில் என்னைவிட இவர்தான் கெடுபிடி. சின்ன வயசில் ஒரு சரஸ்வதி பூஜை அன்று அடுக்கிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஒரு புத்தகத்தை உருவிப் படித்தாராம், அரைப் பரீட்சையில் மூன்று பாடத்தில் கோட்டை விட்டாராம். அதற்கு முந்தின பரீட்சையிலும் அதே மூன்று பாடம்தானே என்று கேட்டால் கோபம் வரும்.

என் கணக்குப் புத்தகங்கள், மகளின் தடிமன் தடிமனான புத்தகங்கள் எல்லாம் அடுக்கி முடித்தேன். கடைசி நிமிஷத்தில் இவர் ஓடிவந்து, "இதுக்கும் ஆசீர்வாதம் கிடைக்கட்டும். உள்ள இருக்கிறதெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்று டிரிப் நோட்டை உச்சியில் வைத்தார். நோட்டின் பின்னட்டையில் பிளாஸ்டிக் உறை ஒன்று உண்டு. அந்த உறைக்குள்ளிருந்து இவருடைய டிரைவிங் லைசென்ஸ் எட்டிப் பார்த்தது. முக்கிய ஆவணங்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது பதினேழாம் பக்கத்து விதி.

நான் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றாகவே பார்த்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் இவர் மணியடிக்க ஆரம்பித்துவிட்டார். பூஜை நேரத்தில் குறுக்கே பேசக்கூடாது என்று சின்ன வயசிலிருந்து எனக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நான் என்ன செய்வேன்? கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பினேன். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் பக்தியோடு கும்பிட்டேன் என்றுதான் ஞாபகம்.

கற்பூரம் காட்டி, சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் சாப்பிட்டு, பெட்டியோடு கீழே இறங்கினோம். காருக்கு மாலை, முன்னால் இரண்டு பக்கமும் சின்ன வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. வாட்ச்மேன் அண்ணன் நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காயைச் சுற்றி உடைக்கத் தயாராக நின்றார். இவர் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, நோட்டில் எழுதிய பட்டியலை மனப்பாடமாகச் சொன்னார். "கண்ணாடி, ஓகே. தண்ணி, ஓகே. ஸ்டெப்னி, ஓகே. லைசென்ஸ்..."

சட்டைப் பையைத் தட்டினார். பேன்ட் பையைத் தட்டினார். மெல்லத் தலையைத் தூக்கி எங்கள் ஃபிளாட்டைப் பார்த்தார்.

"ஐயையோ" என்றார்.

"போய் எடுத்துட்டு வாங்களேன்" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"எப்படி எடுக்கிறது? பூஜைல வெச்சாச்சே!"

"போன்ல இருந்தாலே போதும்ப்பா, காட்டலாம்" என்றாள் மகள்.

"போன்ல நான் வெச்சுக்கலியே. சார்ஜ் போனா லைசென்ஸும் போயிடும்னு நான்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்."

"இப்பவே ஏத்திடலாம், குடுங்க. லைசென்ஸ் நம்பர் சொல்லுங்க."

"நம்பர் நோட்டுல இருக்கு."

லைசென்ஸ் கையில் இல்லாமல் ஓட்டமாட்டார். அந்த ஒரு காரணத்துக்காக எத்தனையோ பேருடைய கிளெய்மை இழுத்தடித்துக் கேள்வி கேட்டவர் அவர். அடுக்கைக் கலைக்கவும் மாட்டார். மனிதர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே சிலையாக உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கை பரபரத்ததும் உண்மை.

வாட்ச்மேன் அண்ணனுக்குத்தான் பொறுமை போயிற்று. "பூசணிக்கா கை வலிக்குது சார். மேடம் கையில லைசன்ஸ் கீதா?"

"இருக்குண்ணா" என்று கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"அப்பால இன்னா? மேடமே ஓட்டட்டும். டெய்லி ஓட்டினுதானே கீறாங்க? நீ எறங்கு சார்."

இவர் என்னைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். பதினொன்று நாற்பது. திட்டத்தில் ஏற்கெனவே பத்து நிமிஷம் ஓட்டை. மெதுவாக பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். நான் ஏறினேன். நாலு எலுமிச்சம்பழமும் ஒரே நேரத்தில் பச்சக்கென்று நசுங்கின.

தெரு முனை தாண்டுவதற்குள், "லெஃப்ட்ல பைக்", "ரைட்ல நாய்", "முன்னாடி ஸ்பீடு பிரேக்கர்" என்று ஆரம்பித்துவிட்டார். அவர் வலதுகால் அங்கே இல்லாத பிரேக்கை மிதி மிதியென்று மிதித்தது. இரும்புலியூர்வரை வாயைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். அதற்கப்புறம் ஓட்ட ஒன்றும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி. வாழைக்கன்று கட்டிய கார், மாலை போட்ட வேன், பொட்டு வைத்த பஸ். தாம்பரத்தில் இருக்கிற அத்தனை குடும்பமும் அன்று பதினொன்றரைக்குத்தான் கிளம்பியிருந்தது.

"எல்லா அப்பாவும் நோட்டு போட்டிருக்காங்க போல" என்றாள் பின்சீட்டில் இருந்த மகள்.

வண்டி ஊர்ந்து ஊர்ந்து பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு முதுகெல்லாம் நனைந்திருந்தது. வழக்கமாக ஓரங்கட்டுகிற இடம் தெரிந்தது. அவர் 'ஓரங்கட்டு' என்று சொல்லவில்லை, சொன்னாலும் மாறி உட்கார வழியில்லை. முன்னால் இருந்த வேன் நகர்ந்தது. கிளட்சை விட்டேன். வண்டி குலுங்கி நின்றுபோனது. பின்னால் ஒட்டிக்கொண்டு நின்ற டவுன் பஸ் ஹார்ன் அடித்தது. சாவியைத் திருப்பி மறுபடி எடுத்தேன். மறுபடி நின்றது. இப்போது பஸ்ஸோடு சேர்ந்து ஆட்டோ, லாரி, பைக் எல்லாம் அடித்தன. மூன்றாவது தடவையும் நின்றது. ஒரு கால் எங்கே இருக்கிறது, இன்னொரு கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

இடதுபக்கக் கதவு திறந்தது. இவர் இறங்கினார்.

அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன். லைசென்ஸாவது ஒன்றாவது, என்னை இறக்கிவிட்டு உட்காரப்போகிறார். அத்தனை பேர் பார்க்க நான் நடுரோட்டில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் உட்கார வேண்டும். கண்ணில் தண்ணீர் முட்டியது. நானே பெல்ட்டைக் கழற்றிவிட்டேன்.

அவர் என் பக்கம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியில் குங்குமத்தோடு, பஸ்ஸுக்கு நேர் முன்னால், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"யோவ், இன்னாய்யா? ரோட்ட மறிச்சிகினு நிக்கிற? உங்கூட்டு ரோடா?" என்று பஸ் டிரைவர் கத்துவது திறந்திருந்த கதவு வழியாக நன்றாகவே கேட்டது.

"ஒரு நிமிஷம் ஹார்ன் அடிக்காம இருங்க சார். அவங்க எடுத்துடுவாங்க."

"அதான் மூணு தபா ஆஃப் பண்ட்டாங்களே! நீ ஓட்டேன்யா!"

"அவங்கதான் ஓட்டுவாங்க. நல்லா ஓட்டுவாங்க. நீங்க கத்தாம இருந்தா போதும்."

நாலு வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனிதர்? முன்பின் தெரியாத ஒரு பஸ் டிரைவரிடம் நடுரோட்டில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மகள் எட்டி இடதுபக்கக் கதவைச் சாத்தினாள். ஹார்ன் நின்றது. பெல்ட்டைப் போட்டேன், மூச்சை இழுத்து விட்டேன், முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல மெல்ல விட்டேன். வண்டி நகர்ந்தது. இரண்டாவது கியர். முன்னால் வேன் எங்கோ போயிருந்தது, வழி திறந்து கிடந்தது. மூன்றாவது கியர்! பெருங்களத்தூர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறேன், நான் ஓட்டுகிறேன்!

"அம்மா" என்றாள் மகள்.

"பாத்தியாடி? எடுத்துட்டேன் பாத்தியா?"

"பாத்தேம்மா. அப்பாவ விட்டுட்டு வந்துட்டோம்மா."

நிறுத்த முடியாது. பின்னால் அத்தனை வண்டி. இவருடைய போனோ கியர் பக்கத்தில் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டலூர் பாலம் தாண்டித்தான் ஓரங்கட்ட இடம் கிடைத்தது. இறங்கி நின்று, வருகிற பைக், ஷேர் ஆட்டோ, வேன் எல்லாவற்றுக்குள்ளும் எட்டி எட்டிப் பார்த்தேன். மகள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடுத்த நோட்டுல, அப்பா ஏறிட்டாராங்கிறதையும் பட்டியல்ல சேக்கணும்" என்றாள்.

கால் மணி நேரம் கழித்து, ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று ஆளேற்றிக்கொண்டு அதே டவுன் பஸ் வந்தது. எங்கள் பக்கத்தில் நின்றது. முன்படியிலிருந்து இவர் இறங்கினார், கையில் டிக்கெட்டோடு. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மேடம், இந்தா உங்க சார். சொன்னா மாதிரியே எடுத்துகினு போயிட்டீங்களே! இவுரு ஏறுனதுலேர்ந்து உங்க புராணம்தான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸை எடுத்தார்.

என்ன புராணம் என்று கேட்டேன். "சும்மா ஏதோ" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சாவியை அவரிடம் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, நாலு வருஷப் பழக்கம்.

அவர் வாங்கவில்லை. இடதுபக்கம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். "வழியெல்லாம் நோட்டுலதான் இருக்கு. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. கேட்டுக் கேட்டுப் போயிக்கோ" என்றார்.

வண்டியை எடுத்தேன். கூடுவாஞ்சேரி போயிற்று, மறைமலைநகர் போயிற்று. பைக் வந்தது, லாரி வந்தது, நிஜமாகவே ஒரு மாடும் வந்தது. பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கோபமோ என்று சிங்கப்பெருமாள்கோவில் சிக்னலில் திரும்பிப் பார்த்தேன். சீட்டைச் சாய்த்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பட்டுமா?" என்றாள் மகள்.

"வேண்டாம், தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சிக்னல் விழுந்ததும் அவர் தலை ஆடாமல் மெதுவாகக் கிளம்பினேன்.